மேசைக்கு அடியில் ஒரு விரல்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தது வில்வராயர். உப்புக் கம்பெனியில் லாரி நிறுக்கிற எடைமேடை அவர் பொறுப்பு. எதையும் நிறுத்து எழுதிவைக்காவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. இன்று கடைக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் சீப்பு வைத்திருக்கும் பலகையில் டைரியைப் போட்டார்.

“ஓய் மாசானம், தெனமும் நூறு சர்வ் போடணும். எத்தன நெட்டுல விழுந்துது, எத்தன வெளிய போச்சு, எல்லாம் இதுல இருக்கணும். இல்லேன்னா இந்த வருசம் நமக்குள்ள சோடி கெடையாது.”

“அஞ்சு மாசம் கழிஞ்ச டைரியத் தாரீரே. அப்ப நூறுல பாதி போட்டாப் போதுமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் கோயில் திருவிழாப் போட்டியில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான டேபிள் டென்னிஸ் டபுள்ஸில், பைனல்வரை போய்த் தோற்றோம். அதற்கு முந்தின வருஷமும் பைனல், அதே மாதிரி. போன வருஷம் கடைசி இரண்டு பாயிண்டும் என் சர்வில்தான் போயிற்று. அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக டைரி வாங்கித் தந்திருக்கிறார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வரும் பேப்பரில். முடிவெட்டக் காத்திருக்கிறவர்களுக்கு முன்னால் நானே படித்துவிடுவேன். அதனால் எழுத்து வரும். எழுதத்தான் பொறுமை வராது.

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். நான் பிறவி இடதுகைக்காரன். ஆனால் இடது கையில் கத்தி பிடித்த அன்று அப்பா கத்தி தீட்டுகிற தோல்வாரால் அந்தக் கையில் ஒன்று வைத்தார். இடது கையை முகத்தில் வைத்தால் ஆள் உட்கார மாட்டான் என்பது அவர் சட்டம். பள்ளிக்கூடத்திலும் அதே சட்டம், வாருக்குப் பதில் பிரம்பு. ஆக கத்தி, சோறு, பேனா எல்லாம் வலது கைக்குப் போயிற்று. இடது கைக்கு இந்த ஊரில் யாரும் தடை போடாத ஒரே இடம் கோயில் கூடத்து மேசைதான். பேட் இடது கையில். பந்தை ஏந்தித் தூக்கிப்போடுவது வலது கை.

இன்று நூறு. நெட்டில் 19. வெளியே 14.

ஜூன் 4, செவ்வாய்

கடை விடுமுறை. நூறு. நெட்டில் 22. வெளியே 11. பந்து பழசு.

ஜூன் 9

புதுப் பந்து வாங்கிப் பார்த்தாயிற்று. பந்து மேல் குற்றமில்லை. குற்றம் மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று மேல்தான். மேற்கு ஜன்னலுக்குக் கதவு கிடையாது. உள்ளங்கையை விரித்துப் பந்தை வைத்தால், தூக்குவதற்கு முன்பே உருண்டு விரல் பக்கம் போகிறது. சர்வுக்கு விதி என்னவென்றால், விரித்த கையில் பந்து அசையாமல் நிற்க வேண்டும், பிறகு நேராக ஒரு சாண் உயரமாவது மேலே போக வேண்டும். ஒரு சாண் என்பது பெரிய விஷயமில்லை. அசையாமல் நிற்பதுதான்.

ஜன்னலில் ஒரு சாக்கைக் கட்டினேன். நெட்டில் 21. வெளியே 16.

சாக்கு போதாது போலிருக்கிறது.

ஜூன் 13

செண்பகம் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுதுதிய? ஒரே எறும்பு ஊருத மாதிரி இருக்கு. முத பக்கத்துல இம்புட்டுப் பெரிசா இருந்துச்சே.”

“டைரி சின்னது. இடம் மிச்சம் பிடிக்கேன்” என்றேன்.

“எடத்த மிச்சம் பிடிக்கது இருக்கட்டும். அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒமக்கு மூக்குல ஏறலையா?”

ஏறவில்லை. நாற்பது வருஷமாகப் பவுடரும் சென்ட்டும் மோந்த மூக்கு, ஓய்வு கேட்கிறது என்றேன். கரண்டியை ஓங்கினாள். பயந்து ஓடுகிற மாதிரி எழுந்தேன். எழுந்திருப்பதற்கு இரண்டு தடவை முயற்சி வேண்டியிருந்தது. பாய் வழுக்கிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

கடை விடுமுறைதான். ஆனால் ஐஸ் பேக்டரி கித்தேரி, தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கெஞ்சியதால் திறந்தேன். “பாக்க வாரது ஒன் தங்கச்சிய. நீ எதுக்குலே மினுக்குத?” என்று கேட்டுக்கொண்டே சவரம் செய்தேன். காதுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. சின்னதுதான். படிகாரம் வைத்ததும் நின்றுவிட்டது.

“புது பிளேடு கித்தேரி. அதுக்கு ஒன்னயப் பிடிச்சுப்போச்சு” என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டாவது நாற்காலி குருசாமி எங்கிருந்தோ முளைத்து வந்தான். அவனுக்கும் இன்று விடுமுறைதான். கடை திறந்திருப்பதைப் பார்த்து வந்திருக்கிறான். பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறான்.

“அண்ணாச்சி, சவரத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க முடி மட்டும் வெட்டுங்களேன்.”

“ஏன், முதலாளி ஆகணுமோ? கண்ணாடிக்கு மேல ஒன் போட்டோவ மாட்டிரட்டுமா? மாலையோட?”

தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பெருக்கினான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

சர்வ் போடப் போகவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று வில்வராயருக்கும் எனக்கும் சண்டை. பயிற்சி ஆட்டத்தில்தான்.

எங்கள் வழக்கம் இது. சர்வ் போடுவதற்கு முன்னால், மேசைக்கு அடியில், எதிரி பார்க்காதபடி வலது கையை வைத்து ஜோடிக்கு விரல் காட்டுவேன். ஒரு விரல் காட்டினால் குட்டையாக, பந்தின் அடியைப் பேட்டால் அறுத்துப் போடுவேன். இரண்டு விரல் என்றால் நீளமாக, மூலைக்கு. எந்தப் பந்து போகிறது என்று தெரிந்தால்தான் திரும்பி வருகிற பந்துக்கு அவர் தயாராக நிற்க முடியும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

இன்று நான் ஒரு விரல் காட்டிக் குட்டையாகப் போட்டேன். அவர் பின்னால் போய் நின்றார். மறுபடி ஒன்று காட்டினேன். மறுபடி பின்னால் போனார். ஆறு பாயிண்ட் வரிசையாகப் போயிற்று. பேட்டை மேசையில் அறைந்தார்.

“ஓய், நீரு ஒண்ணு காட்டுதீரா, ரெண்டு காட்டுதீரா?”

“ஒண்ணு. கண்ணாடிய மாத்தும்.”

“கண்ணாடியா? ஒண்ணு காட்டி, பெருவிரல நீட்டி, மறுபடி மடக்கி, மறுபடி நீட்டி! ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு. ட்ரில் மாஸ்டரா வே நீரு?”

நான் கையைக் குனிந்து பார்த்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுகிற மாதிரி ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. நான் தேய்க்கவில்லை. அவையே தேய்த்தன.

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்பதில்லை.

“அது புது சிக்னல் வே. விரல் ஆடிச்சுன்னா சைடுல சுத்தி வார சர்வ். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

வில்வராயர் குனிந்து என் விரலைப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது. “மொதல்லயே சொல்லுததுக்கு என்னவே? நல்ல யோசனைதான். குனிஞ்சு எட்டிப் பாக்கவனுக்கும் வெளங்காது” என்றார். நம்பிவிட்டார். என்னை யாருமே சந்தேகப்படுவதில்லை. விளையாட்டுக்காரன் என்ற பேருக்கு இது ஒரு லாபம்.

ஜூன் 24

விரல் ஆடினால் சைடு என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒன்று காட்டினாலே விரல் ஆடுகிறது. ஆகவே சைடுதான் போட்டாக வேண்டும். விரல் சொல்கிறது, நான் போடுகிறேன். நூறும் சைடு. நெட்டில் 30.

ஜூன் 30

நூறும் சைடு. நெட்டில் 17. வெளியே 8. தேறிவருகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ரயில்வே காலனி ஜோடியை மூன்றுக்கு ஒன்றில் அடித்தோம். என் சைடு சர்வை அவர்கள் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. அவர்களில் ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வில்வராயர் என் முதுகில் அடித்து, “எங்கேருந்து ஓய் புடிச்சீரு இந்த சிக்னல!” என்றார்.

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அவர் மகள் கல்யாணத்தில்தான். என்னால் என்ன சொல்ல முடியும்?

காலையில் வழக்கம்போல அவருக்குச் சவரம் செய்தேன். ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் காலை முதல் நாற்காலி அவருக்குத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. இன்று கீறல் எதுவும் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கீறல் இல்லை என்பதற்காகத்தான்.

ஜூலை 11

ஒரு விசித்திரம். கடையில் நான் பேசினால் சிரிப்பு வருவதில்லை. முன்பு நான் வாயைத் திறந்தாலே பெஞ்சில் இருக்கிறவன் வயிற்றைப் பிடிப்பான். இன்று ஒரு வாத்தியாரிடம், “சார், ஒங்க தலையில மிச்சம் இருக்கதுக்கு வருகைப் பதிவேடு எடுத்தாலே வேல முடிஞ்சிரும்” என்றேன். நல்ல பேச்சுத்தானே? அவருக்கு முகம் வாடிவிட்டது. “ஏன் மாசானம், எம்மேல எதுவும் கோவமா?” என்று கேட்டார்.

அவர் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அதே பேச்சை இன்னொரு முறை சொன்னேன். கண்ணாடியில் இருந்தவன் சிரிக்கவில்லை. நான் உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

ரசம் போன கண்ணாடி. மாற்ற வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

வேலை ஒன்றும் ஓடவில்லை. கத்தி, கத்தரி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தேன். செண்பகம் சொன்னாள், “ஒரு எட்டு பாளையங்கோட்டைக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு வரலாம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். எனக்குக் காது சரியாக் கேக்கல. நீங்க பேசுதது வரவர கெணத்துக்குள்ளேருந்து வருது.”

போட்டி முடியட்டும், உன் காதைப் பார்க்கலாம் என்றேன்.  அவள் காது ரொம்ப நல்ல காது. மூன்றாவது வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று சொல்வாள்.

ஜூலை 21, ஞாயிறு

அரையிறுதியில் ஜெயித்தோம். ஆனால் நடுவர் தனராஜ் சார் இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தினார்.

“மாசானம், பந்து கையில நிக்கணும்.”

“நிக்குது சார். அதுக்குக் கொஞ்சம் கூச்சம்.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் சொன்னார்.

“ஒடம்புல எதும் கோளாறு இருந்தா நடுவர்ட்ட முன்னாடியே சொல்லிரணும். விதியிலயே அதுக்கு எடம் இருக்கு, தளத்திக் குடுக்கலாம். சொல்லலேன்னா நான் பாயிண்ட எடுத்துத்தான் ஆகணும். பைனல்ல எடுக்க வச்சிராதீங்க.”

“ஒடம்புல அழகு மட்டுந்தான் சார் கொஞ்சம் அதிகம்” என்றேன்.

விதியில் இடம் இருக்கிறது. ஆனால் நடுவரிடம் சொன்னால் அவர் எதிர் ஜோடிக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொன்னால் கூடத்துக்கே கேட்கும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசி கழுத்து என் கத்திக்குக் கீழே வருகிற கழுத்து. கை ஆடுகிறவனிடம் யார் கழுத்தைக் கொடுப்பான்? நானே கொடுக்க மாட்டேன்.

ஜூலை 22

எண்ணவில்லை.

ஜூலை 25

கை ஓய்வாக இருந்தால்தான் ஆடுகிறது. வேலையில் இறங்கிவிட்டால் ஆட்டம் குறைகிறது. அதனால் கையை ஓய்வாக விடுவதில்லை. ஆள் இல்லாத நேரத்திலும் கத்தரியைக் கையில் வைத்து வெட்டிக்கொண்டே இருக்கிறேன். “காத்துக்கு முடி வளந்திருக்கா அண்ணாச்சி?” என்று குருசாமி கேட்டான். முதல் முறையாக அவன் என்னைக் கேலி செய்கிறான். நல்ல கேலி. சிரித்தேன். அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பைனல் சாயங்காலம் நாலு மணிக்கு. வில்வராயருக்குப் பாதி முகம்தான் எடுத்தேன்.

ஜூலை 29, திங்கள்

நேற்று நடந்ததை இன்று கடையைப் பாதியில் குருசாமியிடம் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து எறும்பாகத்தான் இருக்கும்.

காலை ஏழு மணிக்கு வில்வராயர் வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். துணி போர்த்தி, நுரை போட்டு, வலது கன்னத்தை எடுத்து முடித்தேன். கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, இடது கையால் துண்டை எடுக்கத் திரும்பினேன். வலது கையை நாற்காலி முதுகில், அவர் காதுக்குப் பக்கத்தில், சும்மா வைத்திருந்தேன். சும்மா வைத்தது தப்பு.

கண்ணாடியில் அவர் கண் என் கையிலேயே நின்றது. ஒரு விரல் நீண்டது. பெருவிரல் நீண்டது, மடங்கியது, நீண்டது.

“ஓய்” என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். “இங்க யாருக்கு சர்வ் போடுதீரு?”

என் வாய் திறந்தது. எப்போதும் வருகிற எதுவும் வரவில்லை.

“ஜூன்லேருந்தே இதுதானா?”

“அதுக்கும் முன்னால இருந்தே இருக்கும்.”

“அப்ப அந்த சிக்னலு?”

“கைதான் சொல்லிச்சு. நான் போட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பத்தொன்பது வருஷ ஜோடியிடம் ஒரு மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? தலையை மறுபடி பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“மிச்சத்த எடும்.”

கத்தியை எடுத்தேன். அவர் தொண்டையில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. என்னால் முடியவில்லை. கத்தியை மடக்கினேன்.

“குருசாமி, அண்ணனுக்கு நீ முடிச்சு விடு.”

குருசாமி எழுந்து வருவதற்குள் வில்வராயர் துணியை உருவிவிட்டு எழுந்துவிட்டார். மிச்ச நுரையைத் துண்டால் துடைத்தார். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது, மறுகன்னத்தில் நான்கு நாள் நரைத்தாடி.

“எம் மொகத்துல பத்தொம்பது வருசமா ஒரு கைதான் பட்டுருக்கு. மிச்சம் கெடக்கட்டும். நாலு மணிக்கு வந்திரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே முகத்தோடுதான் பைனலுக்கும் வந்தார். கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. “அண்ணாச்சி, பிளேடு தீந்துபோச்சா?” என்று கேட்டார்கள். நேர்த்திக்கடன் என்றேன்.  வில்வராயர் நடுவரிடம் போய் எதுவும் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

எதிரில் துறைமுகத்து ஜோடி. போன வருஷம் எங்களைத் தோற்கடித்த அதே ஆட்கள். ஆளுக்கு இரண்டு கேம். ஐந்தாவது கேமில் ஒன்பதுக்கு ஒன்பது. சர்வ் என்னுடையது.

உள்ளங்கையை விரித்தேன். பந்து உருண்டது. திரும்ப வைத்தேன். உருண்டது. தனராஜ் சார் கையை உயர்த்தினார்.

“பந்து நிக்கல. இது எச்சரிக்கை. அடுத்தாப்ல பாயிண்ட் போயிரும்.”

வில்வராயரைப் பார்த்தேன். அவர் பேட்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பாதிக் கன்னம் என் பக்கம் இருந்தது. நான் எடுக்காத பாதி.

“சார்” என்றேன். “என் கை நிக்காது. எனக்குக் கை நடுக்கம் இருக்கு.”

கூடம் சிரித்தது. என்னவோ இந்தப் போட்டியின் நல்ல பேச்சு அதுதான் என்கிற மாதிரி கைதட்டிச் சிரித்தது. முப்பது வருஷம் இவர்களை நான் சிரிக்கவைத்துப் பழக்கியிருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஐஸ் பேக்டரி கித்தேரி கத்தினான்: “அண்ணாச்சி, அன்னைக்கு என் காதடியில கீறினப்ப புது பிளேடுன்னீங்களே!”

“பிளேடு இல்ல கித்தேரி” என்றேன். “கைதான். அன்னைக்கே சொல்லிருக்கணும். என்னய மன்னிச்சுக்கிடு.”

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றது. கித்தேரியின் கை தானாகக் காதுக்குக் கீழே போனது. இன்னும் இரண்டு மூன்று பேருடைய கைகளும் கழுத்துக்குப் போவதைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? கூரையில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. என் சாக்கு ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று மேல் இல்லாத பழியைப் போட்டுவிட்டேன்.

தனராஜ் சார் துறைமுகத்து ஜோடியிடம் போய்ப் பேசினார். இருவரும் தலையாட்டினார்கள். “போடுங்க மாசானம். பந்து நேரா மேல போனாப் போதும்” என்றார்.

வழக்கம்போலக் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனேன். வில்வராயர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“வெரலு வேண்டாம் ஓய். வாயால சொல்லும்.”

“அவங்களுக்கும் கேட்டுரும் வே.”

“கேக்கட்டும்.”

“ஒண்ணு” என்று சத்தமாகச் சொன்னேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்தான். ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த சர்வைக் குட்டையாக அறுத்துப் போட்டேன். நெட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் விட்டுவைத்தால் இரண்டாவது துள்ளலும் மேசைக்குள்ளேயே விழும். எதிராளி எட்டி எடுத்தது நெட்டில் விழுந்தது. பத்துக்கு ஒன்பது. இந்த டைரியில் உள்ள எல்லா சர்வையும் சேர்த்தாலும் அது ஒன்றுதான் சர்வ்.

அடுத்ததும் ஒன்று என்றேன். அதை அவர்கள் எடுத்துவிட்டார்கள். பத்துக்குப் பத்து. பிறகு இரண்டு பாயிண்டும் அவர்களுக்கே. பத்துக்குப் பன்னிரண்டு. மூன்றாவது வருஷமும் தோற்றோம்.

கூட்டம் கலையும்போது யாரும் என்னிடம் வம்பு பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வில்வராயர் பேட்டை உறையில் போட்டார். “சோடி உண்டுதானே வே?” என்று கேட்டேன். “டைரிய ஒழுங்கா எழுதும்” என்றார்.

ஜூலை 30, செவ்வாய்

பாளையங்கோட்டைக்குப் போனோம், செண்பகத்தின் காதைப் பார்க்க. டாக்டர் அவள் காதைப் பார்க்கவே இல்லை. என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் செண்பகம் தீய்ந்த பாலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள், தேதியோடு. அவளும் எங்கேயோ டைரி எழுதுகிறாள் போல.

நோய்க்கு ஒரு பேர் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. போகாதாம். மாத்திரையில் கட்டிவைக்கலாமாம். இனிமேல் கத்தி பிடிக்கக்கூடாது என்றார். பந்து விளையாட்டை விடக்கூடாது, தினமும் ஆட வேண்டும் என்றார்.

“மருந்துச் சீட்டுல எழுதித் தாங்க டாக்டர். வீட்டுல காட்டணும்” என்றேன். பக்கத்தில்தான் செண்பகம் இருந்தாள். அவள் சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் வந்து உட்காரும்வரை அவள் கை என் வலது கையைப் பிடித்திருந்தது. அதுவரை கை ஆடவில்லை.

ஆகஸ்ட் 1

குருசாமியை முதல் நாற்காலிக்கு மாற்றினேன். போட்டோ மாட்டட்டுமா என்று கேட்டேன். மாலை இல்லாமல். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

கித்தேரி வந்தான். குருசாமியிடம் உட்கார்ந்தான். போகும்போது என்னிடம், “அண்ணாச்சி, தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாயிட்டு. நீங்க அவசியம் வரணும்” என்றான்.  கீறல் ஆறி மறைந்திருந்தது. எனக்கு மட்டும் இடம் தெரிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடை விடுமுறை. காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். வில்வராயர். வலது கன்னத்தில் ஒன்பது நாள் தாடி, இடது கன்னத்தில் அதற்கும் மேல். எடைமேடையில் லாரி டிரைவர்கள் இவரை நிறுத்திவைத்துப் போட்டோ எடுக்கிறார்களாம்.

“மிச்சம் ஒண்ணு கெடக்கு” என்று சொல்லி என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கத்தி எடுக்கக் கூடாது வே. டாக்டர் உத்தரவு.”

“மிஷின் இருக்குல்லா?”

முடிவெட்டுகிற மிஷினை எடுத்தேன். அதில் பல்லுக்கு மேல் மூடி மாட்டினால் தோலை ஒன்றும் செய்யாது. வலது கையில்தான் எடுத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “அந்தக் கை எனக்கு எதுக்கு? என் சோடிக்காரன் கையக் குடும்” என்றார்.

கண்ணாடிக்கு மேலே அப்பாவின் படம் இருக்கிறது. படத்தில்கூட அவர் கண் என் கையைத்தான் பார்க்கும்.  பிறகு மிஷினை இடது கைக்கு மாற்றினேன். நாற்பது வருஷமாக இந்தக் கடையில் ஒரு வேலையும் கொடுக்கப்படாத கை. முதலில் கோணலாகப் போனது. வலது கையை அவர் தோளில் வைத்துக்கொண்டேன். அது பாட்டுக்கு அங்கே ஆடிக்கொண்டிருந்தது.  தாடை எலும்பு வருகிற இடத்தில் இடது கை தானாகத் திரும்பியது, மேசையில் பந்தை அறுக்கும்போது மணிக்கட்டு திரும்புமே, அந்த மாதிரி.

எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குருசாமி என்றால் ஐந்து நிமிஷம். வில்வராயர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “மொள்ளமா இருந்தாலும் ஒழுங்கா இருக்கு” என்றார். “மூணு மணிக்குக் கூடத்துக்கு வந்திரும்.”

இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஆனால் பெரிதாக இருக்கிறது. செண்பகம் அடுப்படியிலிருந்தே படித்துவிடுவாள்.

இன்றைய எண்ணிக்கை: முகம் ஒன்று. நெட்டில் விழவில்லை. வெளியே போகவில்லை.